கரண்டுப் பெட்டியும் என் ‘உஷ்’ஷும்

எனக்கு வாய் நீளம் என்று விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் தெரியும். நானே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாயை நான் அதிகமாகத் திறந்ததெல்லாம் ஒரே ஒரு மனிதர் தூங்கவேண்டுமே என்பதற்காகத்தான். அவர் என் வீட்டுக்காரர். ரயில் இன்ஜினில் பயர்மேன். கரி அள்ளிப் போட்டு பாய்லரைக் காய்ச்சுகிற வேலை.

அது யுத்த காலம். பட்டாளத்து ஸ்பெஷல் வண்டிகள் நேரங்காலமில்லாமல் போய்வந்துகொண்டிருந்தன. இவருக்கு ராத்திரியெல்லாம் டூட்டி. விடிந்தபிறகு கரியும் எண்ணெயுமாக வந்து, குளித்து, ஒரு சொம்பு கேப்பைக் கூழைக் குடித்துவிட்டுப் படுப்பார். பொழுது சாய்வதற்குள் கால்மேன் வந்து கதவைத் தட்டி அடுத்த டூட்டிக்குக் கூப்பிட்டுவிடுவான். நடுவில் இருக்கிற அந்தப் பகல்தான் அவருக்கு ராத்திரி. அந்தப் பகலுக்கு நான் காவல்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல காவல்தான். வாசற்படியில் நின்றுகொள்வேன். தெருமுனையில் மோர்க்காரியின் தலை தெரிந்ததுமே உதட்டில் விரலை வைத்து “உஷ்!” என்பேன். உப்பு விற்கிறவன், பானை விற்கிறவன், பம்பரம் விடுகிற பிள்ளைகள், எல்லாருக்கும் அதே “உஷ்!”தான். வேப்பமரத்துக் காக்கைகளைக்கூட விட்டுவைக்கவில்லை. கையில் எப்போதும் நாலு சின்னக் கல் இருக்கும்.

“கூவாம எப்படிம்மா நான் மோர் விக்கிறது?” என்று மோர்க்காரி ஒருநாள் சண்டைக்கு வந்தாள்.

“உன் மோர் புளிச்சா புளிச்சுட்டுப் போவுது. என் வீட்டுக்காரரு தூக்கம் கெட்டா நீயா வந்து கரி அள்ளுவ?” என்றேன். அவள் தலையிலடித்துக்கொண்டு போனாள். மாதா கோயில் உபதேசியாரிடம் போய், மத்தியான மணியைக் கொஞ்சம் மெதுவாக அடிக்கக்கூடாதா என்று கேட்டவளும் நான்தான். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

இவ்வளவு செய்தும் அவர் தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். கொஞ்சம் அசருவார். உடனே உடம்பு தூக்கிப்போடும், எழுந்து உட்கார்ந்துவிடுவார். “இன்னாங்க, கனவா?” என்று ஓடுவேன். “ஒண்ணுமில்ல, நீ போ” என்பார். கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கிவிட்டது. சோறு இறங்கவில்லை. நான் சமைத்ததைக் குறை சொல்லக்கூட அவருக்குத் தெம்பில்லை. எனக்கு அதுதான் பயமாயிருந்தது.

ஒருநாள் காலையில் அவருடைய டிரைவர் வீட்டுக்கு வந்தார். வயசானவர், தங்கமான மனுஷர். இவர் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தார். டிரைவர் உட்காரக்கூட இல்லை.

“தங்கச்சி, கோவிச்சிக்காத. பெண்ணையாத்துப் பாலத்துமேல வண்டி போறப்போ உன் வீட்டுக்காரன் இன்ஜின்ல நின்னுகினே தூங்கிட்டான். சட்டையப் புடிச்சு இழுத்தேன். இல்லன்னா ஆத்துலதான் தேடியிருக்கணும்” என்றார். “இந்த வாட்டி யார்கிட்டயும் நான் மூச்சு விடல. இன்னொரு வாட்டி ஆச்சுன்னா எழுதிக் குடுத்துடுவேன். இன்ஜினை விட்டு எறக்கிடுவாங்க. எனக்கும் அவன் தம்பி மாதிரிதான். ஆனா பின்னால அத்தினி ஜனம் ஒக்காந்துகினு வருதே.”

இன்ஜினை விட்டு இறக்கினால் அவர் செத்துப்போவார் என்று எனக்குத் தெரியும். டிரைவராகவேண்டும் என்பது அவருடைய சின்ன வயசு ஆசை. இறக்காவிட்டால், நிஜமாகவே பாலத்தில் விழுந்து செத்துப்போவார். மாதாவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் இடிக்கிறதே என்று அடுப்பெதிரில் உட்கார்ந்து அழுதேன். அழுதுமுடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காவலை இன்னும் பலமாக்கினேன். சாப்பிட உட்காருவதையும் விட்டுவிட்டேன். கண் எரியும், தண்ணீர் அடித்துக்கொண்டு மறுபடி வாசலில் நிற்பேன்.

பக்கத்து வீட்டுப் பெண்தான் அந்தச் சேதியைச் சொன்னாள். “யக்கா, திண்டிவனத்துல ஒரு டாக்டர் கரண்டுப் பெட்டி வெச்சு வைத்தியம் பண்றாரு. எங்க அண்ணனுக்குக் கை இழுத்துக்கினப்போ அங்கதான் போனாரு. கை என்னமோ பாதிதான் வந்துச்சு. ஆனா தலைக்கு அந்தப் பெட்டிய வெச்சா எங்கண்ணன் கொர்ருனு தூங்கிடறாரு.”

கரண்டு என்றாலே எனக்குக் குலை நடுக்கம். எங்கள் வீடுகளுக்கெல்லாம் அது வரவில்லை, ஸ்டேஷனில்தான் எரிந்தது. அங்கே கம்பியில் உட்கார்ந்த காக்கை ஒன்று கருகித் தொங்கியதைப் பார்த்தவள் நான். காக்கைகளோடு எனக்கு ஆகாதுதான், ஆனாலும் அந்தக் கோலம் கண்ணைவிட்டுப் போகவில்லை. இவரிடம் சொன்னதற்குச் சிரித்தார். “ராவெல்லாம் நெருப்பு மூஞ்சில நிக்கிறவனுக்கு கரண்டு இன்னா பண்ணும்? வா, போலாம்” என்றார். ஓய்வு நாளாகப் பார்த்து ரயில்வே பாஸில் திண்டிவனம் பாசஞ்சர் ஏறினோம்.

டாக்டர் ரங்கூனிலிருந்து திரும்பியவர். வரும்போது அந்தப் பெட்டியையும் கொண்டுவந்திருக்கிறார். அவர் வீட்டுக்கு நேர் எதிரே மல்லாட்டைக் கடலை உடைக்கிற மிஷின் ஷெட். தடதடதடவென்று தெருவே ஆடுகிறது. போதாக்குறைக்கு மூட்டை ஏற்றுகிறவர்களின் கூச்சல். இந்த லட்சணத்தில் தூக்க வைத்தியமா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. பழக்கதோஷத்தில் வாசலில் நின்று ரெண்டு பேரை உஷ்ஷென்று அடக்கிப் பார்த்தேன். திண்டிவனத்துக்காரர்கள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெட்டி, நம் வீட்டு நகைப்பெட்டி அளவில்தான் இருந்தது. தேக்குமரம், உள்ளே பாட்டரிக் கட்டைகள், மேலே ஒரு திருகு, ரெண்டு ஒயர். ஒவ்வொரு ஒயரின் முனையிலும் உப்புத்தண்ணீரில் நனைத்த துணித்திண்டு.

“இது இன்னா பண்ணுங்க டாக்டர்?” என்று கேட்டேன். என் வாயைப் பார்த்து அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னார்.

“பாரும்மா, நம்ம மூளையிலயும் கரண்டு ஓடுது. துளியூண்டுதான். சீமையில தலைமேல ஒயரை வெச்சு, அந்தக் கரண்டைக் காகிதத்துல கோடா எடுக்கிறாங்கன்னு படிச்சேன். முழிச்சுகிட்டிருக்கிறப்போ அது சின்னச் சின்னதா, அவசரமா நடுங்குதாம். அசந்து தூங்கறப்போ பெரிசா, மெதுவா, அலை அலையா வருதாம்.”

நான் வானூர்ப் பக்கத்துக்காரி. பொம்மையார்பாளையத்துக் கடலைப் பார்த்து வளர்ந்தவள். “எங்க ஊர்க் கடல்ல, காத்து அடங்கினப்புறம் அலை பெரிசா, ஆடி அசைஞ்சு வருமே, அந்த மாதிரியா?” என்றேன்.

“அப்படித்தான்னு வெச்சுக்கயேன். வெளியிலேருந்து நோகாம கொஞ்சூண்டு கரண்டு குடுத்தா அந்த அலை வருமான்னு எனக்கும் ஒரு ஆசை. கை கால் விளங்காதவங்களுக்கு வைக்கிற பெட்டிதான் இது. தலைக்கு வெச்சா சில பேர் கண்ணசர்றாங்க. ஏன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்சதா சொல்ல மாட்டேன்” என்றார்.

இப்படிச் சொன்னதால் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. ஆனாலும் இவர் தலையில் அதை வைக்க மனசு ஒப்பவில்லை. டாக்டர் திண்டைக் கையில் எடுத்ததும் குறுக்கே போய் நின்றேன்.

“முதல்ல எனக்கு வைங்க. நான் பொழைச்சா இவருக்கு வைங்க.”

“உனக்கு இன்னாமே பைத்தியம் கியித்தியம் புடிச்சிருக்குதா?” என்று இவர் பதறினார். டாக்டர் சிரித்துவிட்டு, கட்டிலில் என்னைப் படுக்கச் சொன்னார். ஈரத்திண்டு ஒன்று நெற்றியில், இன்னொன்று பிடரியில். துணி நாடாவால் லேசாகக் கட்டினார். “சேசுவே, உன் கையிலே” என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திருகு திரும்பிய சத்தம் கேட்டது.

கருகவில்லை. நெற்றியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அவ்வளவுதான். பூ, இதுக்கா பயந்தோம் என்று நினைத்தேன். எதிர் ஷெட்டின் தடதட கொஞ்சம் தூரமாய்ப் போனது. இவர் என் காலருகே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் சுவரை விட்டு இறங்கியிருந்தது. திண்டைக் கழற்றிவிட்டிருந்தார்கள், என் மேல் ஒரு போர்வை கிடந்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பகலில் நான் தூங்கி எத்தனை காலம் ஆயிற்று! ராத்திரியில் மட்டும் எங்கே தூங்கினேன்? இன்ஜினில் அவர் நின்றுகொண்டிருக்க எனக்கு எங்கேயிருந்து தூக்கம் வரும்? வாரிச்சுருட்டிக்கொண்டு எழுந்து பார்த்தால், பெஞ்சில் இவர்.

வாயைப் பிளந்துகொண்டு, ஒரு கை தரையில் தொங்க, அப்படியொரு தூக்கம். எதிரே மிஷின் தடதடக்கிறது. தெருவில் எவனோ மாட்டை வைதுகொண்டிருக்கிறான். இவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது.

“இவருக்கும் வெச்சீங்களா?” என்று டாக்டரிடம் கிசுகிசுத்தேன்.

“எங்கம்மா வெச்சேன்? நீ அசந்த கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அவரும் சாஞ்சுட்டார். பெட்டியைத் தொடவே இல்லை” என்றார் டாக்டர். “உனக்கும் கரண்டால வந்ததா, அசதியால வந்ததா, அதுவே எனக்குச் சொல்லத் தெரியல.”

திரும்புகிற வண்டியில் ஜன்னலோரம் அவரை உட்காரவைத்துக் கேட்டேன். “மிஷின் சத்தத்துல எப்படிங்க தூங்கினீங்க? வீட்டுல ஒரு குண்டூசி விழாம பாத்துக்கிறேன், அங்க வரல. இங்க மட்டும் எப்படி?”

விக்கிரவாண்டி தாண்டியபிறகுதான் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“சொன்னா வருத்தப்படக்கூடாது. பாய்லர்ல ஸ்டீம் மிஞ்சிப்போச்சுன்னா வால்வு தெறந்துக்கும். ‘உஷ்’னு கத்தும். அது கேட்டா பயர்மேன் எகிறிப் போய் தண்ணி விடணும். இல்லன்னா கரி வீணாப்போச்சுன்னு டிரைவர் கிழிச்சுடுவாரு. எத்தினி வருஷமா இந்த ஒடம்பு அந்தச் சத்தத்துக்கு எழுந்துகினு இருக்குது. மோர்க்காரி கூவினா எனக்குக் கேக்கறதே இல்லமே. நீ வாசல்ல ‘உஷ்’னு சொன்னா கை தானா தண்ணிப் புடியத் தேடுது.”

எனக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு! அப்புறம் வந்தது கோபம்தான். “அடப் பாவி மனுஷா! இத்தினி நாள் வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?” என்று ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன்.

“எப்படிச் சொல்றது? நீ சோறு தண்ணி இல்லாம வெயில்ல நின்னு காக்கா ஓட்டிக்கினு இருந்த. உன்னாலதான் தூக்கம் போச்சுன்னு சொல்ல எனக்கு வாய் வருமா?”

பாலத்தில் விழுந்தாலும் விழுவேன், உன் மனசு நோகச் சொல்லமாட்டேன் என்று இருந்திருக்கிறார். இந்த மாதிரி மனிதரை என்ன செய்வது? முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் அழுதேன். அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார்.

மறுநாள் முதல் காவலை எடுத்துவிட்டேன். லேசுப்பட்ட காரியமா அது? “மோரே!” என்று அவள் கூவும்போது உதடு தானாகக் குவியும், முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வேன். என் வாய் சும்மா இருப்பதைப் பார்த்து, “யம்மாவுக்கு ஒடம்பு சரியில்லையா?” என்று மோர்க்காரி நிஜமான கவலையோடு விசாரித்தாள். டாக்டரின் பெட்டி இல்லாமலே என் வீட்டுக்காரர் பக்கத்தில் பாயை விரித்து நானும் படுக்க ஆரம்பித்தேன். “பட்டப்பகல்ல கதவச் சாத்திக்கினு புருஷனும் பொண்டாட்டியும் இன்னாக்கா பண்றீங்க?” என்று பக்கத்து வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். “தூங்கறோம்டி” என்றேன். ஒருத்தியும் நம்பவில்லை.

டிரைவர் எழுதிக் கொடுக்கவேண்டிய அவசியமே வரவில்லை. அடுத்த மாம்பழக் காலத்தில் ஒரு கூடை ஒட்டுமாம்பழத்தோடு வந்து, “தங்கச்சி, இப்ப உன் வீட்டுக்காரன்தான் என்னத் தட்டி எழுப்பறான்” என்று சொல்லிச் சிரித்தார். யுத்தம் முடிந்து சில வருஷம் கழித்து இவரும் டிரைவரானார். முதல்முதலாக வண்டியை எடுத்துக்கொண்டு போனபோது, குவார்ட்டர்ஸுக்குப் பக்கமாக வந்ததும் எனக்காக நீளமாக விசில் ஊதினார்.

ஓய்வு பெற்றபிறகு பல வருஷம் இருந்தார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வீடு நிறைய ஜனம். சுவாமியார் வந்து ஜெபம் சொன்னார். எல்லாரும் அழுதார்கள், எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. பகல்தானே, தூங்குகிறார் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகள் ஏதோ சத்தம் போட்டார்கள். யாரோ அதுகளைப் பார்த்து “உஷ்!” என்றார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டென்று அவர் கையைப் பார்த்தேன். அது எதையும் தேடவில்லை. நான் குனிந்து அவர் காதோரம் வாயை வைத்து, நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.