றெஜி எடுக்க மறுத்த பக்கம்

றெஜி இல்லையாம்.

காலையில் அலுவலகம் வந்து உட்கார்ந்ததும் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், மூன்றாம் நாள் போய்விட்டாராம்... அதைப் படித்த பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் இருவரும் ஒரே தொண்டு நிறுவனத்தில் வேலை செய்தோம். நான் திட்டங்களை நடத்துகிறவள். அவை உண்மையில் பயன்பட்டனவா என்று போய்ப் பார்த்து எழுதுகிற மதிப்பீட்டு அலுவலர் றெஜி. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் அவர் ஃபைலோடு வந்தால் நான் எழுந்து நிற்பேன்.

கொடிகாமத்தில் பெண்களுக்குக் கோழிக்கூடு கட்டிக் கொடுத்திருந்தோம். றெஜி பார்க்க வேண்டிய வீடுகளை நானே தெரிந்தெடுத்து லிஸ்ட் போட்டேன். நன்றாக நடக்கிற வீடுகள் மட்டும்...

வான் வண்டியில் ஏறியதும் லிஸ்டைப் பார்த்தார். "அக்கா, உந்த லிஸ்டிலை இல்லாத வீடு ஒண்டுக்கும் போவமே?"

மறுக்க முடியவில்லை.

அந்த வீட்டுக் கூட்டில் கோழி இல்லை. விறகு அடுக்கியிருந்தது. தகரக் கூரை. சித்திரை வெயிலுக்குக் குஞ்சுகள் எல்லாம் செத்துப்போய்விட்டனவாம்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

அந்த வீட்டு அம்மா றெஜியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். "இந்த மிஸ்ஸுக்குச் சொன்னா அடுத்த உதவிக்கு என்ரை பேரை வெட்டிப்போடுவா எண்டு பயம் தம்பி."

றெஜி உடனே எழுதவில்லை. "அம்மா, இதை நான் எழுதலாமோ?" என்று கேட்டார். அந்த அம்மா தலையாட்டிய பிறகுதான் பேனையைத் திறந்தார்.

ரிப்போர்ட் தயாரானபோது, நிதி தருகிறவர்கள் வருவதற்கு ஒரு கிழமைதான் இருந்தது. என் வேலைக் கொன்ராக்டும் அந்த வருடத்தோடு முடிகிறது. றெஜியின் மேசைக்குப் போனேன்.

"றெஜி, அந்தக் கூரையைப் பற்றின பக்கத்தை மட்டும் எடுத்துவிடும். எனக்கு ரெண்டு பிள்ளையள்."

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு அக்கா. ஆனா இதை எடுத்தா, வாற வருசம் அச்சுவேலியிலை கட்டிற கூடுகளுக்கும் உதே தகரத்தைத்தான் போடுவம்."

நான்கு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

நிதி தருகிறவர்கள் வந்த கூட்டத்தில் அந்தப் பக்கத்தை றெஜியே வாசித்தார்.

"இது ஆருடைய பிழை?" என்று எங்கள் நிறுவனப் பணிப்பாளர் கேட்டார்.

என் பெயர் வரப்போகிறது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ரையும்தான் சேர். தகரம் எண்டு முடிவெடுத்த நேரம் நானும் இருந்தனான். ஒரு வீட்டுக்காரரையும் கேக்கேல்லை."

பிறகு... எப்படி வந்ததென்று தெரியாது, "நானும் கேக்கேல்லை" என்று என் வாயால் வந்துவிட்டது. அடுத்துக் கள அலுவலர் தன்னுடைய பிழையைச் சொன்னார். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அப்ப கூரையை மாத்துவம்" என்றார்.

தகரத்தைக் கழற்றித் தென்னோலைக் கிடுகு போட்டோம். அச்சுவேலியில் கட்டுவதற்கு முதல் அங்குள்ள பெண்களைக் கூப்பிட்டுக் கேட்டோம். என் வேலை போகவில்லை.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, எது சரிவரவில்லை என்று கதைப்பதற்கென்றே ஒரு கூட்டம் வைத்தோம். றெஜிதான் எல்லாரையும் கூப்பிடுவார். முதலில் தன்னுடைய பிழையைச் சொல்வார்.

போன வருடம் அவர் வேறு நிறுவனத்துக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டம் நடக்கவேயில்லை. ஒவ்வொரு முறையும் தள்ளிப்போட்டது நான்தான்.

போன ஞாயிறு மெசேஜ் போட்டிருந்தார். "அக்கா, கூட்டம் நடக்குதோ?"

"ஓம்" என்று அனுப்பினேன்.

பெருவிரலை உயர்த்திக் காட்டுகிற படம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்...

நடக்கேல்லை, தம்பி. போயிட்டு வாரும்.