மூக்கும் தூங்கிவிடும் என்று சொன்னது நான்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.

இன்று காலை எங்கள் ஃபிளாட் மண்டபத்தில் பாதுகாப்புக் கூட்டம். பேசியவர் மூர்த்தி. பத்து வருடமாகக் கீழ்த்தளக் கடையில் தினமும் என்னோடு தேநீர் குடிக்கும் நண்பர்.

"கேஸுக்கு இயற்கையா வாசனையே கிடையாது. கசிஞ்சா தெரியணும்னுதான் நாத்தம் சேர்க்கறாங்க. ஆனா தூங்கறப்ப அந்த நாத்தம் நம்மள எழுப்பும்னு நம்பாதீங்க. மூக்கும் தூங்கிடும் லா!"

கைதட்டினார்கள்.

அத்தனையும் போன வாரம் நான் அவருக்குச் சொன்னது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

லெட்சுமி அக்கா எழுந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுட்டு, கரி நெருப்ப ரூம்லயே வச்சு கதவச் சாத்திட்டுப் படுப்பேன். கொசு வராது. அது பரவாயில்லையா?"

"புகை அடங்கிட்டா பயமில்லக்கா."

தவறு. போன வாரம் தேநீர்க் கடையில் கரியைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள் அவர் எழுந்து போய்விட்டார். புகை அடங்கிய கரியிலிருந்தும் நச்சு வாயு வரும். அதற்கு வாசனையே இல்லை, விழித்திருப்பவருக்கும் தெரியாது. அக்கா, தூபக்காலை வெளியே வைத்துவிட்டுப் படுங்கள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். "சாருக்குப் பொறாம லா" என்று மூர்த்தி சிரித்திருப்பார். முன்பும் சிரித்திருக்கிறார்.

அதனால் இங்கே, ஃபிளாட் குழுவில், என் பெயர் போடாமல் பதிவிடுகிறேன். நாளைக்கு இதையும் தானே எழுதியதாக அவர் சொன்னால், அது அவருடையது இல்லை என்று யாராவது கீழே எழுதுங்கள்.