தோழிக்காக மேடையேறிய அக்கா

அக்கா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்க்கும் நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்காவைப் பற்றிப் பெருமையாக எழுதச் சொன்னார்கள். ஒன்றை ஒன்பதாக்கினால் அக்காவுக்குப் பிடிக்காது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிச் சீமையில், வளர்ந்தது தாராவியில். தோல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா படுத்த படுக்கையானபோது அக்கா பன்னிரண்டாவதுதான் முடித்திருந்தார். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் ஒரு ஏற்றுமதி ஆபீசில் வேலை என்று ஓடி, மாதுங்காவில் ஒரு சின்னக் கலைக் கல்லூரியில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கினார். எங்கள் சந்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் அக்காதான். என்னைப் படிக்க வைத்துவிட்டுத்தான் அத்தானைக் கைப்பிடித்தார். கோபம் மூக்கு நுனியில் நிற்கும்; பொய் மட்டும் வாயில் வராது.

கல்லூரியில் அக்காவுக்கு ஒரே நெருங்கிய தோழி, மாதுங்காவிலேயே பிறந்த பாலக்காட்டுக் குடும்பத்துப் பெண். அவர் பின்னாளில் பெரிய வழக்கறிஞராகி, செய்தித்தாளில் படம் வருமளவுக்கு உயர்ந்தார். சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி விழாவில் புகழ்பெற்ற பழைய மாணவர்களைப் பாராட்டினார்கள். அவர்களில் தோழியும் ஒருவர். அன்று அவருக்குத் தில்லியில் வழக்கு. "எனக்குப் பதிலா நீ போய் வாங்கிண்டு வந்துடுடி" என்று அக்காவிடம் சொன்னார். அக்காவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனார்.

நம் விழாக்களின் வழக்கம் தெரிந்ததுதானே? யார் மேடையேறினாலும் பொன்னாடை உண்டு. அக்காவுக்கும் போர்த்தி, கேடயத்தைக் கையில் கொடுத்தார்கள். அத்தான் அதைப் படம் பிடித்து, ஒரு வார்த்தை விளக்கமில்லாமல் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். மறுநாள் சந்து முனையில் பேனர் நின்றது. அக்காவின் படத்துக்கு மேலே "புகழ்பெற்ற பட்டதாரி, எங்கள் சந்தின் பெருமை" என்று கொட்டை எழுத்து.

பேனர் கட்டிய பையன்களைக் கூப்பிட்டு அக்கா சத்தம் போட்டார்.

"ஏலே, அது எனக்குக் குடுத்தது இல்ல. என் சேக்காளிக்கு உள்ளது. கழட்டுங்கலே!"

"மேடையில சால்வ போட்டாவளா இல்லையா, அத்த?"

"போட்டாவ."

"பொறவு என்ன? கெடக்கட்டும்."

அன்று மாலையே தோழி கேடயத்தை வாங்கிப்போக வருவதாக இருந்தது. அந்தப் பேனரைத் தாண்டாமல் வீட்டுக்கு வர முடியாது. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. "நானே போடச் சொன்னேன்னு நெனச்சிட்டாள்னா என்னல செய்ய? இத்தன வருசப் பழக்கம் போயிருமே" என்றார்.

"அவுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுல்லா. பொறந்தநாள் பேனருன்னு சொல்லிருவோம், அக்கா" என்றேன். முறைத்தார்.

தோழி வந்தார். பேனரைப் பார்த்து நின்றார். "உன் போட்டோ போட்டிருக்காளே! என்னடி எழுதியிருக்கு?"

அக்கா ஒரு சொல்லையும் விடாமல் வாசித்துக் காட்டினார். பிறகு, "உனக்குக் குடுத்தத எனக்குன்னு நெனச்சிட்டாவ. ஆனா ஒண்ணு சொல்லுதேன். காலையில பாத்ததும் எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதான் வெக்கமா இருக்கு" என்றார்.

"நானே மேடைக்குப் போயிருந்தா எனக்கு மட்டும் சந்தோஷமா இருக்காதா? வாடி, காப்பி போடு" என்று தோழி அக்காவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். போகும்போது கேடயத்தை எடுத்துக்கொண்டுதான் போனார். அது அவருடையது. அடுத்த வாரம் ஒரு தலைவரின் பிறந்தநாள் பேனர் வந்து அக்காவை மூடிவிட்டது.

கடைசி மாதங்களில் அக்காவைச் சிறுநீரகக் கோளாறு வாட்டியது. செம்பூர் ஆஸ்பத்திரியில் கண்ணும் கருத்துமாகப் பார்த்த டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ரத்தம் கொடுத்த சந்துப் பையன்களுக்கும், இரு வேளையும் சாப்பாடு கொண்டுவந்த ஆண்டாப் ஹில் மைத்துனர் குடும்பத்துக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இப்போது குடியிருக்கும் வாஷியிலிருந்து ரயிலேறி வந்து, அக்காவுக்கு ரசஞ்சாதம் ஊட்டிவிட்டுப் போன தோழிக்கும் அப்படியே.

அக்காவை வீட்டில் கிடத்தியிருந்த காலையில், கூட்டத்துக்குப் பின்னால் நின்ற தோழியைச் சந்துப் பெண்களுக்கு அடையாளம் தெரியவில்லை. "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்கள். வழக்கறிஞர் என்று, பேப்பரில் படம் வந்தவர் என்று எத்தனையோ சொல்லியிருக்கலாம்.

"இவளோட காலேஜ்ல படிச்சவ" என்றார்.

உடனே எல்லோரும் நகர்ந்து, அக்காவின் தலைமாட்டில் அவருக்கு இடம் விட்டார்கள்.