நெற்பயிருக்கு நெயில் பாலிஷ்

அந்த மார்கழியில் எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. ஆனால் பனி இறங்கும்போதெல்லாம் உடம்பு உதறியது. பனி விழுந்தால் நெல்லுக்குக் குலைநோய் வரும். பூஞ்சணம் முதலில் இலையில் கண் மாதிரி நீளப் புள்ளி வைக்கும், அப்புறம் கதிரின் கழுத்தைப் பிடிக்கும். பக்கத்து வயலில் ஏற்கெனவே வைத்துவிட்டது.

வயல் என்னுடையதுகூட இல்லை, என் மனைவியின் தம்பியுடையது; பயிரைப் பார்த்துக்கொள்வது மட்டும் நான். அவன் சொல்லியிருந்தான்: "இந்த வாட்டியும் போச்சுன்னா, பொக்லைன வுட்டு எறா குட்டை வெட்டிடுவேன் மாமா. அப்புறம் அழுவக் கூடாது." இறால் வளர்க்கப் பிச்சாவரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஒரு முறை தேக்கினால், அந்த மண்ணில் அப்புறம் நெல்லா விளையும்?

அண்ணாமலை நகரில் பயிர்நோய் படிக்கும் ஒரு பெண்ணிடம் கேட்டு, சூடோமோனாஸ் தூளைக் கரைத்துத் தெளித்திருந்தேன். அது விஷம் இல்லை, நல்ல பாக்டீரியா. பயிரை உசுப்பிவிட்டு, தானே சண்டை போட வைக்குமாம். அந்தத் தைரியம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால், இலையெல்லாம் குண்டூசித்தலை அளவு பழுப்புப் புள்ளி.

நோய் என்னோடு வந்து வீட்டுக் கறிவேப்பிலைக்குத் தாவிவிடுமோ என்று இரண்டு முறை குளித்தேன். சாப்பாட்டுக்குப் போட்ட வாழையிலையையும் புரட்டிப் பார்த்தேன்.

"சோறு ஆறுது. இலைக்கு ஜாதகமா பாக்குறீங்க?" என்றாள் மனைவி.

சில நெல்லிலைகளை டிபன் பாக்ஸில் அடைத்து, மூடியை அமுக்கிப் பிடித்தபடி சிதம்பரம் பஸ் ஏறினேன். பார்த்தவர்கள் உள்ளே பாம்பு என்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் பெண் இலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "பூஞ்சணம் நுழைஞ்ச எடத்த இலையே சாகடிச்சு அடைச்சிருக்குன்னு நெனைக்கிறேன் சார். பயிர் முழிச்சுக்கிச்சு. புள்ளி பெருசாவுதான்னு பாருங்க. பயந்துபோய் விஷ மருந்து அடிச்சா, நீங்க வுட்ட பாக்டீரியாவும் சேந்து செத்துடும்."

"பெருசானா?"

"அப்ப அடிச்சுத்தான் ஆவணும்."

'நெனைக்கிறேன்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷன் எப்படித் தூங்குவான்? மறுநாள் மனைவியின் நெயில் பாலிஷோடு வயலில் இறங்கி, சில புள்ளிகளின் இரு முனையிலும் சிவப்பு எல்லை வைத்தேன். பாதி என் நகத்துக்கே போனது. நிமிர்ந்தால் வரப்பில் மச்சான்.

"இன்னா மாமா, பயிருக்குக் கண்ணாலமா?" என்றவன், புள்ளிகளைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "அம்மை போட்ட மாதிரி கெடக்குது. மருந்த அடி. இல்லன்னா பொக்லைனுக்குச் சொல்லிடறேன்."

"ஒரே வாரம் மச்சான். செவப்ப தாண்டுச்சுன்னா நீ குட்டைய வெட்டு. மொத எறாவுக்கு நானே பேரு வைக்கிறேன்."

ஜோக்கடித்துவிட்டு, நெயில் பாலிஷ் மூடியைத் தேடிச் சேற்றைத் துழாவினேன்.

அந்த வாரம் முழுக்கப் பனி. விடிந்ததும் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன். அப்புறம் ஒற்றைக் கண்ணை மட்டும் திறப்பேன், பாதிக் கெட்ட செய்திதானே தெரியும்.

வாரம் முடிந்ததும் மச்சான் வந்து குனிந்தான். புள்ளிகள் சிவப்புக்கு உள்ளேயே நின்றிருந்தன. அவன் நம்பவில்லை. தள்ளித் தள்ளிப் போய் ஒவ்வொரு இலையாகப் பிடித்துப் பார்த்தான்; ஒவ்வொன்றுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. கடைசியில் போனை எடுத்தான்.

"அண்ணே, பொக்லைன் வண்டி இப்ப வாணாம். அறுப்பு முடியட்டும்... ஆமா, பயிரு நிக்கிது."

பயிர் நின்றது. எனக்குத்தான் நிற்க முடியவில்லை. வேட்டியோடு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.