செல்லாது போன என் கையொப்பம்

நான் ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டு, ஒரு புதன்கிழமை முற்பகல், கண்டி நகரின் மத்தியில் மடவளை ஊர் முஸ்லிம் ஒருவர் நடத்தும் புடைவைக் கடையில் நடந்தது இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி செய்தவன் நான். அதன்பின், மக்கள் கொண்டுவரும் பத்திரங்களை உறுதிப்படுத்திக் கையொப்பமிடும் சமாதான நீதவான் பதவியும் கிடைத்தது. ஆகையால் கண்டியில் என்னை அறிந்தவர்கள் பலர். அன்று நடந்ததைப் பிறர் தத்தம் விருப்பப்படி சொல்லித் திரிவதைவிட, நானே உள்ளபடி எழுதிவிடுவதுதான் முறை என்று கருதுகிறேன்.

சட்டைக்கு வெள்ளைத் துணி எடுக்கச் சென்றிருந்தேன். கையிலிருந்த குடை நழுவி விழுந்தது. எடுத்துப் பிடித்தேன், மறுபடியும் விழுந்தது. கடைக்காரர் துணியை அளப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார். பின்பு உள்ளே போய் யாருடனோ தொலைபேசியில் பேசிவிட்டு, ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“சேர், ஒங்கட வாய் ஒரு பக்கமா இழுத்துக்கொண்டு ஈக்கிது. இதுல ஒக்காருங்க. நான் அம்புலன்ஸுக்குக் கோல் எடுத்துட்டேன்,” என்றார்.

என்னைக் கேளாமல் எப்படி அழைக்கலாம் என்று சினம் கொண்டேன். உட்காராமல் வாசலுக்கு நடந்தேன்; படியில் கால் இடறவே, கதவு நிலையைப் பற்றிக்கொண்டேன். நடைபாதையில் நின்ற ஒருவர், “ஐயா வெள்ளனவே ஏத்திட்டாரு போல,” என்று சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாதவன் நான். இந்தக் கூட்டத்தின் முன்னே எந்த வண்டியிலும் படுத்துப் போவதில்லை என்று அந்தக் கணத்தில் முடிவு செய்துகொண்டு, திரும்பி வந்து கதிரையில் அமர்ந்தேன்.

அம்புலன்ஸ் விரைவில் வந்துவிட்டது. அதில் இருவர் வந்தனர். ஒருவர் சிங்களச் சாரதி. மற்றவர் நோயாளரைக் கவனிக்கும் உதவியாளர். இருபத்தாறு, இருபத்தேழு வயதுப் பெண். புதிதாக யாரைக் கண்டாலும் ஊரை விசாரிப்பது என் வழக்கம். கேட்டேன். “தெல்தோட்டைக்கு மேல ஒரு தோட்டம் சேர்,” என்றார். தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் பிறந்தவர் என்று கணித்துக்கொண்டேன். என் கையைத் தொடுமுன் அனுமதி கேட்டார். இரு கைகளையும் உயர்த்தச் சொன்னார். இரண்டையும் உயர்த்தியதாகவே நான் நம்பினேன். வலக்கை மடியிலேயே கிடந்ததாகக் கடைக்காரர் பின்னொரு நாள் சொன்னார்.

“சேர், இது பாரிசவாதம் மாதிரி தெரியுது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

நான் மறுத்தேன். ஏறிச் செல்ல விரும்பாத நோயாளியிடம் கையொப்பம் பெறுவதற்கு அவர்களிடம் ஒரு படிவம் இருப்பதை அறிவேன். அதைக் கொண்டுவரும்படி உத்தரவிட்டேன். மீறித் தூக்கினால் வழக்குத் தொடுப்பேன் என்றும் எச்சரித்தேன்.

படிவம் வந்தது. நான் பேனையை எடுக்குமுன் அந்தப் பெண், “சேர், இத வாசிச்சிட்டு, என்ன எழுதியிருக்குன்னு உங்க சொல்லுல எனக்குச் சொல்லுங்க,” என்றார்.

என்னிடம் உறுதிமொழிப் பத்திரங்களுடன் வருவோரிடம் நான் கேட்கும் கேள்வி அது. விளங்காமல் இடும் கையொப்பத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை என்று எத்தனையோ பேருக்கு எடுத்துரைத்திருக்கிறேன். அந்தக் கேள்வியை என்னிடமே ஒருவர் கேட்டதை என்னால் பொறுக்க இயலவில்லை. அப்போது நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதாமல் விட்டால், இக்கட்டுரை பொய்யாகிவிடும்.

“லயத்துல பொறந்தவ எனக்குச் சட்டம் படிப்பிக்கிறியா?” என்றேன்.

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணின் முகம் மாறவில்லை. “படிப்பிக்கல சேர். வாசிங்க,” என்றார்.

வாசித்தேன். பொருளையும் எடுத்துச் சொன்னேன். தெளிவான நடையில் சொன்னதாகவே அன்று நம்பினேன். ஆனால் அதற்குள் என் பேச்சு குழறிவிட்டது, வாயிலிருந்து வந்தது எந்த மொழியும் அல்ல என்று கடைக்காரர் பின்னர் சொன்னார். பின்பு கையொப்பமிட்டேன்.

சாரதி நிம்மதியாக மூச்சு விட்டார். “நங்கி, சைன் இருக்குதானே! எடுங்க, போவோம்,” என்றார். சிங்களத்தில் தங்கையை நங்கி என்றும் அண்ணனை அய்யே என்றும் அழைப்பார்கள்.

“சைன் இருக்கு அய்யே. ஆனா எதுக்கு வைக்கிறாருன்னு அவருக்கு வெளங்கல. நாளைக்கு அவரு வுழுந்து கெடந்தா இந்தப் பேப்பர் நம்மளக் காப்பாத்தாது. அவரையும் காப்பாத்தாது.”

இப்படியான வேளையில் தலைமையகத்து வைத்தியரின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது அவர்களது விதி. அந்தப் பெண் இரண்டு முறை தொலைபேசியில் முயன்றார். தொடர்பு கிடைக்கவில்லை. கைத்தொலைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு என் முன்னே குந்தி அமர்ந்தார்.

“சேர், உங்களக் கொண்டு போறேன். வழக்குப் போடுறதுன்னா நல்லா ஆகி வந்து போடுங்க. நானே கோட்டுக்கு வந்து, ஆமா நான்தான் தூக்கினேன்னு சொல்றேன்.”

அதற்குள் கடைக்காரர் ஒரு சேலையை விரித்து, ஒரு தலைப்பைத் தாமும் மறு தலைப்பைக் கடைச் சிப்பந்தியுமாகப் பிடித்து, வாசலை மறைத்து நின்றார். அந்த மறைப்புக்குப் பின்னால்தான் என்னைத் தூக்குக் கட்டிலில் கிடத்தினார்கள். வெளியே வந்ததும் அந்தப் பெண் எல்லாருக்கும் கேட்கும்படி, “குடிக்கல அண்ணே, இது பாரிசவாத வருத்தம். நாளைக்கு உங்களுக்கும் வரும். தள்ளி நில்லுங்க,” என்று சொன்னது எனக்கு நன்றாகவே கேட்டது. சிரித்தவர்கள் வழிவிட்டார்கள்.

வைத்தியசாலையில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை உரிய நேரத்துக்குள் ஏற்ற முடிந்தது. சில நாட்களில் பேச்சு திரும்பியது. திரும்பிய பேச்சைக் கொண்டு நான் செய்த முதற்காரியம், என் மகனைக் கொண்டு அம்புலன்ஸ் சேவைத் தலைமையகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதுவித்தது. தெளிந்த மனத்துடன் மறுத்துக் கையொப்பமும் இட்ட என்னைப் பலவந்தமாகப் பொது வீதியில் தூக்கிச் சென்றார்கள் என்பது அதன் சாரம். மகன் தயங்கினான். “அப்பா, அவங்க இல்லாட்டி...” என்று தொடங்கினான். நான் முடிக்க விடவில்லை. அதில் எழுதுவித்த ஒவ்வொரு சொல்லையும் உண்மை என்றே நம்பினேன்.

இரண்டு மாதங்களின் பின் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கைத்தடியுடன் போனேன். மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, யாழ்ப்பாணத்தவர். சுவரோரக் கதிரையில், சீருடையில்லாமல், சாதாரணச் சேலையில் அந்தப் பெண். முறைப்பாடு வந்த நாளிலிருந்து அவரைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பதை அங்குதான் அறிந்தேன்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. “நீங்கள் தெளிவான மனதோட மறுத்தனீங்கள் எண்டால், இவ செய்தது குற்றம். வேலை போகும். நீங்கள் வழக்கும் போடலாம். தெளிவில்லை எண்டால், இவ செய்தது கடமை. எது எண்டு நீங்கள்தான் சொல்லவேணும்.”

பின்பு, சம்பவம் நடந்த அன்றே அந்தப் பெண் எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையை என்னிடம் நீட்டினார். அதில் எழுதியிருந்தது: “நோயாளி மறுத்தார். வைத்தியரின் அனுமதி கிடைக்கவில்லை. கையொப்பம் பெறப்பட்டது, நோயாளி விளங்கிக்கொள்ளும் நிலையில் இல்லாததால் அதை நான் ஏற்கவில்லை. ஏற்றிச் செல்லும் முடிவை எடுத்தவள் நானே. சாரதிக்கு இதில் பொறுப்பில்லை.” தமக்குப் பாதகமான எதையும் அவர் மறைக்கவில்லை. எவ்வளவோ அறிக்கைகளைப் படித்தவன் நான். எழுதியவர் தம்மைக் காத்துக்கொள்ள முயலாத அறிக்கையை அதற்கு முன் கண்டதில்லை. என் வாயிலிருந்து வந்த அந்த வார்த்தையை அதில் தேடினேன். இல்லை. அதை எழுதியிருந்தால் எல்லாருடைய அனுதாபமும் அவர் பக்கம் சாய்ந்திருக்கும்.

கடைசித் தாளாக அந்தப் படிவம் இணைக்கப்பட்டிருந்தது. கையொப்பத்துக்குரிய இடத்தில் ஒரு கோடு தொடங்கி, கீழே சரிந்து, தாளின் ஓரத்தைத் தாண்டிப் போயிருந்தது. அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“இது யாருடையது?” என்று கேட்டேன்.

“உங்கட கையெழுத்துத்தான்,” என்றார் அதிகாரி.

சமாதான நீதவான் ஒருவர், தம் சித்தம் தெளிவாக இருக்கவில்லை என்று தம் கைப்பட எழுதிக் கொடுத்தால், அந்தச் செய்தி மாலைக்குள் நகரைச் சுற்றிவிடும். அதன்பின் எவர் என்னிடம் பத்திரம் கொண்டுவருவார்? மறுபுறம், அந்தச் சுவரோரக் கதிரை. அவர் என்னைப் பார்க்கவுமில்லை, கெஞ்சவுமில்லை.

பேனையைக் கேட்டு வாங்கினேன். “அந்நேரத்தில் நான் வாசித்ததை விளங்கிக்கொள்ளும் நிலையில் இருக்கவில்லை. ஆகையால் என் மறுப்பும் கையொப்பமும் செல்லாதவை. முறைப்பாட்டை மீளப் பெறுகிறேன்,” என்று எழுதினேன். முழுதும் குணமாகாத வலக்கையால் அந்த மூன்று வசனங்களை எழுத வெகுநேரம் ஆயிற்று.

வெளியே விறாந்தையில் அவரிடம் போனேன். “அன்னைக்கு உன்னை... உங்களை நான் சொன்ன வார்த்தை...” என்று தொடங்கினேன்.

அவர் சிரித்துவிட்டார். “விடுங்க சேர். அந்த நேரத்துல சொன்னதுக்கு நீங்க பொறுப்பில்ல. இப்பதானே உள்ளுக்கு நீங்களே எழுதிக் குடுத்தீங்க! சரி, வலது கையத் தூக்குங்க பாப்பம்.”

தூக்கினேன். “நல்லா வந்திருக்கு,” என்று சொல்லி, தமக்கு பஸ் வந்துவிட்டதென்று விடைபெற்றுக்கொண்டார். அடுத்த வாரமே அவர் பணிக்குத் திரும்பியதாக அறிந்தேன்.

நான் நினைத்தபடி ஊர் பேசத்தான் செய்தது. அதை இப்போது பெரிதாகக் கொள்வதில்லை. ஆனால் அவர் சிரித்தபடி சொன்ன அந்த வாதத்தைச் சட்டமறிந்தவன் என்ற முறையில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி அதில் பிழை காண முடியவில்லை; ஆயினும் அதை ஏற்றுக்கொள்ளவும் முடியவில்லை. என் மறுப்புக்கும் கையொப்பத்துக்கும் நோயைக் காரணம் காட்டலாம்; அந்த வார்த்தை மட்டும் நோய் வருவதற்கு வெகு காலம் முன்பே என்னிடம் இருந்தது, அதற்கு இன்றைக்கும் நானே பொறுப்பாளி.