நான் துணி துவைத்த கல்

1992, மாசி மாதம். பல்லாவரம் தாண்டி, ரயில் பாதையை ஒட்டிய ஒரு பழைய கல்லறைத் தோட்டத்தில் என் வீட்டுக்காரர் வாட்ச்மேன். நான் பெருக்குவேன், புல் வெட்டுவேன். கல்லறைக் கமிட்டிக்காரர்கள் தோட்டத்துக்குள்ளேயே ஒரு ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காகத்தான் அந்த வேலை. அது போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது.

வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் ஒரு கல்லில் துணி துவைப்பேன். அது ஒரு கல்லறையின் தலைக்கல். சில வருஷம் முன்னால் மழையில் மதில் சரிந்து, ஓரத்தில் இருந்த கல்லறை மண்ணோடு போய்விட்டது. கல் மட்டும் உடையாமல் கிடந்தது. ஒரு பக்கம் எழுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. யாரும் அதைத் தேடி வந்ததில்லை. அவர் எழுத்துப் பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டார். துவைக்க வசதியாக இருந்தது. அதோடு மறந்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலையில் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். எழுபது வயது இருக்கும். உழைத்த கை என்று பார்த்ததுமே தெரிந்தது. கூட தாம்பரத்து வாத்தியார் ஒருவர், அவர் பேச்சைத் தமிழில் மாற்றிச் சொல்ல.

"அமெரிக்காவுல கோதுமை போடற குடும்பம்மா இவங்க" என்றார் வாத்தியார். "பூர்வீகம் ஜெர்மனி. அங்க பொழைக்க வழியில்லாம இவரு தாத்தாவோட அப்பா நெலம் கெடைக்கும்னு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிட்டாரு. அவரோட தம்பி சர்ச் வேலையா இங்க வந்து, காய்ச்சல்ல போய்ட்டாரு. இந்தத் தோட்டத்துலதான் வெச்சாங்கன்னு கடுதாசி இருக்கு. குடும்பத்துல யாரு எங்க அடக்கம்னு இவரு ஒரு நோட்டு எழுதறாரு. வியாழக்கிழமை பிளேன். அதுக்குள்ள கண்டுபுடிக்கணும்."

பெரியவர் ஒரு காகிதத்தைக் காட்டினார். பெயர் பெரிதாக எழுதியிருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

அன்று முழுக்க அவர் தேடினார். கல் கல்லாக மண்டியிட்டு, பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்து, காகிதத்தோடு ஒத்துப் பார்த்தார். நான் இரண்டு வரிசை தள்ளிப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். என் கல் அவர் தேடுகிற கல்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கண்ணில் படாமல் எழுத்துள்ள கல் ஒன்று இருப்பது தெரியும்.

மத்தியானம் வீட்டுக்காரரிடம், துவைக்கிற கல்லைக் காட்டிவிடலாம் என்று சொன்னேன்.

"உனுக்கு இன்னா பைத்தியமா?" என்றார். "கமிட்டிக்காரன் காதுல வுழுந்தா வூட்ட காலி பண்ண சொல்லிருவான். அவுரு பாட்டுக்குத் தேடிட்டுப் போவட்டும். நீ பேஜார் பண்ணாத."

நான் மறுபடி புல் வெட்டப் போய்விட்டேன்.

மறுநாளும் வந்தார். வெயில் அதிகம். முகம் சிவந்துபோய்க் குழாயடிக்கு வந்தார். நான் துணி துவைத்து முடித்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஈரம் சார், பேன்ட் நனைஞ்சுடும்" என்ற வாத்தியார் அதையே இங்கிலீஷிலும் சொன்னார். பெரியவர் சிரித்தார். எழுந்திருக்கவில்லை. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பார்க்காத வரிசைகளை எண்ணினார். ஒன்றரை வரிசைதான் பாக்கி.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

புதன்கிழமை காலையில் அவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் நேராகப் போய் வாத்தியாரிடம் கல்லைப் பற்றிச் சொன்னேன். என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

வாத்தியாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, ரெண்டு நாளா அவரு மண்ணுல தவழ்றத பாத்துகிட்டுதானே இருந்தே? மனுஷியா நீ?"

என்ன என்று பெரியவர் கேட்டார். மறுபடி கேட்டபிறகுதான் வாத்தியார் சொன்னார். பெரியவர் என்னைப் பார்த்தார். பிறகு குழாயடிக்கு நடந்தார்.

கடப்பாரை போட்டு நான்கு பேருமாகப் புரட்டினோம். அடியில் ஈர மண், புழு. எழுத்தெல்லாம் சேறு அப்பியிருந்தது. நான் தண்ணீர் ஊற்றித் துடைப்பக் குச்சியால் ஒவ்வொரு எழுத்தாகக் குடைந்தேன். முதல் எழுத்து தெரிந்ததும் பெரியவர் என் பக்கத்தில் மண்டியிட்டார். பெயர் முழுதும் வந்ததும் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெயரை ஒரு தரம் வாய்விட்டுச் சொன்னார்.

வீட்டைப் பற்றிய பயத்தோடு நான் நின்றிருந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கல் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தார். வாத்தியார் கோபத்தோடுதான் தமிழில் சொன்னார். போகப் போகக் குரல் இறங்கியது.

பெரியவரின் தாத்தாவுடைய அப்பா போய் இறங்கிய இடத்தில் மரமே கிடையாதாம். புல் வெளிதான். மண் கட்டியை வெட்டி அடுக்கி வீடு கட்டினார்களாம். முதல் இரண்டு வருஷத்தில் மூன்று பிள்ளைகள் செத்துப்போனார்கள். வயல் ஓரத்தில் புதைத்து, கொண்டுபோன பெட்டிப் பலகையில் சிலுவை செய்து நட்டார்கள். மூன்றாவது வருஷக் குளிரில் எரிக்க ஒன்றும் இல்லை. மிச்சமிருந்த பிள்ளைகளும் விறைத்துப் போகிற நிலை. பெற்றவளே போய் அந்த மூன்று சிலுவையையும் பிடுங்கி வந்து அடுப்பில் வைத்தாளாம். அப்புறம் எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. இன்றைக்கு அதன் மேல்தான் கோதுமை விளைகிறதாம். நோட்டில் அந்த மூன்று பெயருக்கு நேரே இடத்தை எழுத முடியாது. இந்த ஒரு பெயருக்காவது எழுதலாம் என்றுதான் அவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"அந்த அம்மாவ எங்க வூட்டுல யாரும் குத்தம் சொன்னதில்ல, உங்கள எப்படிச் சொல்லுவேன்னு கேக்கறாரு" என்றார் வாத்தியார். அதற்குமேல் அவர் என்னைத் திட்டவில்லை.

கல்லறை இருந்த இடத்தை நான் காட்டினேன். மதிலோரம்தான். சாயங்காலத்துக்குள் அங்கேயே கல்லை நட்டோம். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து சத்தம் போட்டார். மண்ணைப் பார்த்துக் கிடந்ததால்தான் எழுத்து தேயவில்லை என்று பெரியவர் சொல்ல, வந்தவர் கொஞ்சம் அடங்கினார். "இனிமே எந்தக் கல்ல தொட்டாலும் கேட்டுட்டுத் தொடு" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனார். வீடு தப்பித்தது.

வியாழக்கிழமை பிளேனுக்கு முன்னால் பெரியவர் மறுபடி வந்தார். திரிசூலத்துக் கல்குவாரியில் இருந்து ஒரு பலகைக் கல்லை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். குழாயடியில் அவரே குழி தோண்டி அதைப் போட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, அடியில் மண் சேர்த்தார். மறுபடி ஊற்றிப் பார்த்தார். வயலுக்கு வரப்பு கட்டுகிறவர் மாதிரி அவ்வளவு கவனம்.

முடித்துவிட்டு ஏதோ சொன்னார். வாத்தியார் சிரித்துவிட்டார். "ரெண்டு பக்கமும் நல்லா பாத்துட்டாராம். இதுல யாரு பேரும் இல்லியாம்மா."

என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கும்பிட்டேன். அவரும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

கல்லைக் கவிழ்த்துப் போட்டது தெரியாமல் செய்தது, அதை அவர் அன்றைக்கே மன்னித்துவிட்டார். ஆனால் அந்த வயசாளி வெயிலில் மண்டியிட்டுத் தேய்க்கத் தேய்க்க, தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு புல் வெட்டினேனே, அந்த இரண்டு நாள் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.