மரகதம் அக்கா கடையின் வாசல் மெஷின்

ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் மரகதம் அக்காவின் ஜெராக்ஸ் கடை. பஸ் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போதுதான் நம் ஆட்களுக்கு பயோடேட்டா ஞாபகம் வரும். ஒரு காண்டிராக்ட் முடிந்து அடுத்த காண்டிராக்டரிடம் போகிறவர்கள் இங்கே ஏராளம். அவர்களில் ஒருவரும் தன் பயோடேட்டாவைத் தன்னிடம் வைத்துக்கொண்டதில்லை. "அக்காகிட்ட கீது" என்பார்கள். அக்காவும் முகத்தைப் பார்த்ததும் எடுத்துவிடுவார். ஃபைல்களுக்கு அவர் வைத்திருக்கும் பெயர்கள் அப்படி: 'பெயிண்ட் ஷாப் சுப்பன்', 'சிரிக்காத ரகுபதி'.

மூன்று வருஷம் முன்பு, யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறி, அத்தனை பயோடேட்டாவும் ஒரே மத்தியானத்தில் போயிற்று. அக்கா வந்தவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்டு, காசு வாங்காமல், ஒவ்வொன்றாக மறுபடி டைப் அடித்தார். நாலு மாசம் ஆயிற்று.

நான் அப்போது ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். லினக்ஸ் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். "அக்கா, விண்டோஸ எடுத்துட்டு லினக்ஸ் போடலாம். இலவசம். உலகமே சேந்து எழுதினது, யாரு வேணா உள்ள தொறந்து பாக்கலாம்" என்று பெரிய சொற்பொழிவே ஆற்றினேன். அக்கா ஒரே கேள்விதான் கேட்டார்.

"பென்டிரைவ்ல வர்ற வைரஸு ஏறாதா?"

"இந்த மாதிரி வைரஸு ஏறாதுக்கா."

"அப்ப போடு கார்முகிலு."

என் தத்துவமெல்லாம் வீண். கடையில் இருந்த இரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டேன். "இன்னாக்கா, ஸ்டார்ட் பட்டனையே காணோம்" என்று சலித்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனவர்கள் உண்டு. "போனா போறான். ஃபைலு பத்திரமா கீதுல்ல" என்பார் அக்கா. எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. பிறகு வந்தது ரகுபதி விவகாரம். புது காண்டிராக்டர் விண்டோஸில் செய்து அனுப்பிய ஜாயினிங் ஃபார்ம், லினக்ஸில் திறந்ததும் கட்டங்கள் இடம் மாறின. அப்பா பெயர் ரத்த வகைக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. பஸ் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் யாரும் கவனிக்கவில்லை. ஆபீஸில் ஃபார்மைத் திருப்பிவிட்டார்கள். அந்த பேட்ச் ரகுபதி இல்லாமலே வேலைக்குச் சேர்ந்தது. அடுத்த பேட்ச் ஒரு மாசம் கழித்துத்தான்.

நான் சண்டைக்கு நின்றேன். "தப்பு லினக்ஸ் மேல இல்லக்கா. அந்த ஃபார்ம் செஞ்சவன் மேல."

"தப்பு யாருதுன்னு நீ பாக்குற. பஸ்ஸ வுட்டது யாருன்னு நான் பாக்குறேன்" என்றார் அக்கா.

மறுநாளே கடையில் விண்டோஸ் திரும்பி வந்தது. எனக்கு வந்ததே ரோஷம்! ஆறு மாசம் ஒரு ஜெராக்ஸுக்குக்கூட எதிர்க்கடைக்குத்தான் போனேன். இப்போது நினைத்தால் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருக்கிறது.

பிறகு என் காண்டிராக்டும் முடிந்தது. என் பயோடேட்டா யாரிடம் இருக்கும்? தலையைக் குனிந்துகொண்டு போனேன்.

கடை வாசலில் ஸ்டூல் மேல் ஒரு பழைய மெஷின். அதன் முன்னால் மூன்று பேர் பென்டிரைவோடு வரிசையில் நின்றார்கள். அதில் ஓடியது நான் போட்ட அதே லினக்ஸ். மானிட்டருக்கு ஆயுத பூஜைப் பொட்டுகூட வைத்திருந்தது.

"எவன் பென்டிரைவா இருந்தாலும் மொத இதுல சொருவி பாத்துட்டுதான் உள்ள வுடுவேன். செருப்ப வாசல்ல வுட்டுட்டு வர்ற மாதிரி" என்றார் அக்கா, நேற்றுத்தான் பேசிப் பிரிந்தவர்போல. "எல்லார் பயோடேட்டாவும் இன்னொரு காப்பி இதுலதான் கீது. உன்னுதும்."

ஃபைல் பெயர் 'கோவக்கார கார்முகில்'. அதை விண்டோஸ் மெஷினுக்கு மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அனுபவம் என்ற இடத்தில், என் கம்பெனிக்குக் கீழே, நான் எழுதாத ஒரு வரி இருந்தது. அக்காவின் இங்கிலீஷ். தமிழில் சொன்னால்: 'மரகதம் ஜெராக்ஸ், ஒரகடம். ஒன்றரை வருஷம் லினக்ஸ் பார்த்துக்கொண்டார். ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை.'

"இத எப்பக்கா சேத்தீங்க?"

"நீ கோச்சிக்கினு போன அன்னிக்கே."

விண்டோஸில் அடித்த தாள்தான். ஒரு கட்டம்கூட நகரவில்லை. "நீங்க செஞ்சதுதான் சரிக்கா" என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது.